தேவரீர் திருநாமம்

வேலைக்குச் சேர்ந்த அன்று அந்த அறையில் நான் பார்த்த முதல் காட்சியே அதுதான். தில்லை நகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடி. நீளமான மேஜை. மேஜையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பலகை. பழைய ரேடியோவைப் பிரித்தால் உள்ளே தெரியுமே, அந்த மாதிரி. அதன் மேல் ஓர் அக்கா குனிந்து, தூங்கும் குழந்தையிடம் பேசுவதுபோல மெதுவாக, "தேவரீர் திருநாமம்?" என்று கேட்டார்.

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். அறையில் வேறு ஆளே இல்லை. சரிதான், நல்ல இடமாகப் பார்த்துத்தான் வந்து மாட்டியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா லேப்டாப்பில் எதையோ அழுத்தினார். திரையில் எண்ணும் எழுத்துமாக ஒரு வரி வந்து விழுந்தது. உடனே பரிசு விழுந்தவர் மாதிரி கையைத் தட்டினார்.

"சொல்லிட்டார் பாரு. பேரைச் சொல்லிட்டார்னா அப்புறம் எல்லாத்தையும் சொல்லிடுவார்" என்றார் என்னிடம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் என்று எனக்கும் தெரியாது. பலகையில் இருந்த சிப்பின் பெயரைக் கேட்டு முடித்த பிறகுதான் என் பெயரைக் கேட்டார். பர்வீன் என்றேன்.

நான் பி.காம். எனக்கும் அந்தப் பச்சைப் பலகைக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எங்கள் கம்பெனி விவசாயக் கிணறுகளின் மோட்டாருக்கு ஒரு பெட்டி செய்தது. கரண்டு வந்தவுடன் மோட்டாரைத் தானே போட்டுவிட்டு, தோட்டக்காரருக்குப் போனில் தகவல் சொல்லும் பெட்டி. பெட்டி ஓடவில்லை என்று விவசாயிகள் போனில் திட்டுவார்கள். அந்தத் திட்டை வாங்கிக்கொள்வதுதான் என் உத்தியோகம். கூடவே திருப்பித் திட்டாமல் இருப்பதும். இரண்டாவதுதான் எனக்குக் கஷ்டம். பாலக்கரையில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், என் வாயைப் பற்றிச் சொல்வார்கள்.

அக்கா ஸ்ரீரங்கத்துக்காரர். உத்தர வீதியில் வீடு. எங்கள் பெட்டியின் மூளையை எழுதியது முழுக்க அவர்தான். வீட்டில் பெரியவர்கள் பேசும் கோயில் பாஷையை அவர் மனிதர்களிடம் அவ்வளவாகப் பயன்படுத்த மாட்டார். சிப்புகளுக்கென்றே வைத்திருந்தார். சிப் வேலை செய்தால் எழுந்தருளியிருக்கிறார். சும்மா இருந்தால் திருக்கண் வளர்கிறார், அதாவது தூங்குகிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நானும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன். "உங்க பெட்டி திருக்கண் வளருதுங்க" என்று ஒரு நாள் ஒரு விவசாயியிடம் வாய்தவறிச் சொல்லி, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

சிப்பிடம் பேச அவரிடம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. புரோப் என்பார்கள். ஒரு பக்கம் லேப்டாப்பில் சொருகும் ஒயர். மறுபக்கம் மெல்லிசாக நாலைந்து வண்ண ஒயர்கள், பலகையில் அவற்றுக்கென்றே இருக்கும் ஊசிகளில் மாட்ட வேண்டும். எப்போது மாட்டினாலும் கறுப்பு ஒயரை முதலில் மாட்டுவார். அது எர்த்து. "முதல்ல கால் ஊன நெலம் வேணும், அப்புறம்தான் பேச்சு" என்பார். மாட்டிவிட்டால், சிப் என்ன செய்துகொண்டிருக்கிறது, எந்த வரியில் நிற்கிறது, மனசில் என்ன எண் வைத்திருக்கிறது, எல்லாவற்றையும் லேப்டாப்பில் பார்க்கலாம். ஆளை அப்படியே நிறுத்தி வைத்து, நாடி பிடித்துப் பார்த்து, 'சரி, போ' என்று அனுப்பலாம். இதை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பொய் சொல்லவில்லை. பி.காமில் இப்படி எதுவுமே கிடையாது.

இதைவிட அந்த அக்காவின் குணம்தான் எனக்கு வேடிக்கை. அந்தக் கருவியை அவர் பைக்குள் வைத்திருந்தாரா, வாய்க்குள் வைத்திருந்தாரா என்று சந்தேகமே வரும். ஊகம் என்றால் அவருக்கு ஆகாது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து, 'இன்னார் ஏன் இப்படிச் செய்தார், ஒருவேளை இப்படி இருக்குமோ' என்று சுவாரசியமாகப் பேச ஆரம்பித்திருப்போம். அக்கா தலையை நிமிர்த்தாமல் "கேட்டுடலாமே" என்பார். அதோடு பேச்சு செத்துவிடும். சில சமயம் சொன்னதோடு நிற்காமல் போய்க் கேட்டே விடுவார். கேட்டுவிட்டு அப்படியே நிற்பார். பதில் வருகிறவரை ஒரு வார்த்தை பேச மாட்டார், நகரவும் மாட்டார். கோபமெல்லாம் இருக்காது. பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி சாதாரணமாக நிற்பார். எதிரே இருப்பவருக்குத்தான் வேர்க்கும்.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே சொல்வார். மாப்பிள்ளையிடம் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் எடுத்த எடுப்பில், "உங்களுக்கே கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்கா, இல்லே அம்மா சொன்னான்னு வந்தேளா?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு வழக்கம்போலக் காத்திருந்தாராம். காபி ஆறியது. பிறகு ஆடை கட்டியது. அந்த மனுஷன் காபியையும் குடிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை, இறங்கிப் போய்விட்டார்.

"பாவம் பர்வீன், அவருக்கு அப்புறம் வேற எடத்துல கல்யாணமாகி கொழந்தையெல்லாம் பொறந்தாச்சு. நான்தான் இன்னும் பதிலுக்குக் காத்துண்டிருக்கேன்" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

என்னிடமும் ஒரு நாள் கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் அத்தா துபாயில் இருந்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் "இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவை வந்துர்றேன்" என்பார். அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்கா மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உங்கப்பா வந்துடுவாரா, அங்கயே இருந்துடுவாரா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"கேட்டியா?"

"இதையெல்லாம் போயி கேப்பாங்களா?"

"கேக்காம எப்படிடீ தெரியும்?"

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. இந்தம்மாவுக்கு என்ன வந்தது, எங்கள் வீட்டு விஷயம் இவருக்கு எதற்கு என்று கொதித்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை அத்தா வீடியோவில் வந்தபோது, எந்தச் சைத்தான் உந்தியதோ, கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நான்தான் எதையாவது பேசி மழுப்புவேன். அன்று அக்கா மாதிரி சும்மா இருந்தேன். வெகுநேரம் கழித்து, "எனக்கும் இங்க இருக்க முடியலம்மா. வீட்ல யாராச்சும் வந்துருங்கன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்களான்னு இருக்கேன்" என்றார். அம்மா பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். அத்தா அடுத்த பெருநாளை எங்களோடு கொண்டாடினார். அக்காவுக்கு ஒரு சட்டி பிரியாணி கொடுத்தனுப்ப முடியாதே என்று அம்மாவுக்கு ஒரே வருத்தம். பதிலுக்கு முட்டை போடாமல் ரவையில் தம்ரூட் என்ற இனிப்பைச் செய்து கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் சிக்னல் சோதனைக்காக என்னை ஸ்ரீரங்கத்துக்கு வீட்டுக்கே வரச் சொன்னார். மாடி அறையில் கட்டில் முழுக்கப் பலகைகள். அவர் படுக்க எங்கே இடம் என்று தெரியவில்லை. அன்று ஒரு பலகை எவ்வளவு கேட்டும் பெயர் சொல்லவில்லை. ஒயரைக் கழற்றி மாட்டினார், வேறு ஒயர் போட்டார், ஊஹூம். எனக்கு வழக்கம்போல எரிச்சல்.

"அது செத்துப் போச்சுக்கா. தூக்கிப் போடுங்க."

"செத்தெல்லாம் போகல. கண்ணத் தொறந்ததும் மறுபடி தூங்கிடறார். கரண்டு மிச்சம் பண்ண நான்தான் அப்படி எழுதியிருக்கேன். நாம 'பேரென்ன'ன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த தூக்கம்."

பிறகு ஒரு வித்தை செய்தார். பலகையில் ஒரு குட்டிப் பொத்தானை என்னை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அது சிப்பை ஆரம்பத்துக்கே கொண்டுபோய் நிறுத்தி வைக்கும் பொத்தான், ரீசெட் என்பது. நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் கேள்வியைப் போட்டார். "விடு" என்றார். விட்டேன். சிப் கண்ணைத் திறந்த அதே நொடியில் பிடித்துவிட்டார். பெயர் வந்து விழுந்தது. நான் கத்திய கத்தலில் கீழேயிருந்து அவர் அம்மா என்னமோ ஏதோ என்று மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

இந்த வித்தையை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் மருங்காபுரியில் நாங்கள் இதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டியிருந்தது.

பெட்டிகள் போய் வயல்களில் உட்கார்ந்து ஒரு வருஷம் இருக்கும். அப்போதுதான் தலைவலி ஆரம்பித்தது. சில நாள் காலையில் கரண்டு வரும், பெட்டியில் விளக்கு எரியும், மோட்டார் மட்டும் ஓடாது. எல்லாப் பெட்டியும் இல்லை. எல்லா நாளும் இல்லை. எது, எப்போது என்று சொல்லவே முடியாது. மருங்காபுரிப் பக்கம்தான் தொல்லை அதிகம். அங்கே சின்னப்பொண்ணு என்று ஒரு அம்மா, கத்தரித் தோட்டம் வைத்திருந்தார். வானம் பார்த்த சீமை, கிணற்றில் இருக்கிற தண்ணீரும் மோட்டார் ஓடினால்தான். அவர் போன் வந்தால் நான் முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எடுப்பேன்.

"ஏம்மா, இன்னிக்கும் ஓடல. நீ என்னா சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். அமத்திப் போடச் சொல்லுவ."

"ஆமாங்க. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ஓடிவிடும். அதுதான் வம்பே. நேரில் யாராவது இருந்தால் சரி. இல்லையென்றால் அன்றைய கரண்டு வீண், பயிருக்குத் தண்ணீர் இல்லை. தானாக ஓடாத தானியங்கிப் பெட்டி எதற்கு என்று கேட்டார்கள்.

பெட்டிகளைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுவருவோம். மேஜையில் வைத்துக் கரண்டு கொடுத்தால் தங்கமாக ஓடும். அக்கா புரோபை மாட்டி எத்தனையோ நாள் உட்கார்ந்து பார்த்தார். ஒரு தடவைகூட அவர் எதிரில் நிற்கவில்லை. எங்கள் முதலாளி நல்லவர்தான், ஆனால் அவர் வாயிலிருந்து உண்டு, இல்லை என்ற இரண்டு சொல்லும் வந்து யாரும் கேட்டதில்லை. இந்தப் பெட்டிகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, வேலையையே மூடிவிடலாமா என்று அவர் யோசிப்பதாக ஆபீசில் பேச்சு அடிபட்டது. அக்கா நேராக அவர் அறைக்குப் போனார்.

"சார், இதை நடத்தப் போறேளா, நிறுத்தப் போறேளா? நிறுத்தறதா இருந்தா எங்கிட்ட குடுத்துடுங்கோ. நான் நடத்திக்கறேன்."

"பாக்கலாம்மா" என்றார் முதலாளி.

அக்கா நின்றார். அவர் மறுபடியும் "பாக்கலாம்மா" என்றார். அதன் பிறகு வாராவாரம் கேட்டார். வாராவாரம் அதே பாக்கலாம். அக்காவின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு குறைந்ததை அந்த மாதங்களில்தான் பார்த்தேன். அவர் உயிரைக் கொடுத்துச் செய்த பெட்டி அது. எனக்கு முதலாளி மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

ஒரு நாள் நான் போனில் வழக்கமான மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆஃப் பண்ணி ஆன்..." அக்கா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். நிஜமாகவே பொத்தினார்.

"இதான்டீ. இத்தனை நாளா இதத்தான் பண்ணிண்டிருக்கோம். அவர் திகைச்சுப் போய் நின்னுண்டிருக்கார். ஏன் நின்னார்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். நாம போய் ஆஃப் பண்ணி ஆன் பண்றோம். எல்லாத்தையும் மறந்துட்டு, பளிச்சுனு எழுந்து உட்கார்ந்துடறார். அப்புறம் அவரை இங்க தூக்கிண்டு வந்து, ஏன் நின்னீர், ஏன் நின்னீர்னு கேட்டா, அவர் என்ன சொல்லுவார்?"

"அப்ப என்னதான்க்கா பண்றது?"

"நின்ன எடத்துக்கே போகணும். எழுப்பாம கேக்கணும்."

சின்னப்பொண்ணம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அடுத்த தடவை நின்றால் கையை வைக்காதீர்கள், நாங்கள் வருகிறோம், அதுவரை அப்படியே இருக்கட்டும் என்றேன்.

"அது நிக்கிறத நானும் பாத்துக்கிட்டு நிக்கணுமாக்கும். என் கத்தரி காஞ்சு போனா உங்க ஆபீசுல நட்டுத் தருவியா?"

"ஒரே ஒரு நாளுங்க. அதுக்கப்புறம் உங்களுக்கு எனக்குப் போன் போடுற வேலையே இருக்காது."

"அது ஒண்ணுக்காகவாச்சும் செய்யுறேன்" என்றார்.

பங்குனி வெயில் ஆரம்பித்திருந்த ஒரு நாள் காலையில் அவர் போன் வந்தது. கரண்டு வந்துவிட்டது, விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடவில்லை, நான் கையை வைக்கவில்லை, சீக்கிரம் வந்து தொலையுங்கள். கிணற்று மோட்டாருக்கு விடும் மூணு பேஸ் கரண்டு மத்தியானத்துக்கு மேல் போய்விடும். போனால் பெட்டியும் அணைந்துவிடும், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதற்குள் போயாக வேண்டும். அக்கா லேப்டாப்பை எடுத்தார், புரோபைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். துவரங்குறிச்சி போகிற பஸ்ஸில் ஏறியபின்தான் பார்த்தேன், ஒன்று என்னுடையது, ஒன்று பல் டாக்டரிடம் வந்த யாருடையதோ.

பஸ்ஸில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தார், மூடினார். "லேப்டாப் சார்ஜ் இருக்கோல்லியோ? அங்க சார்ஜர் சொருகப்படாது. இந்தக் கரண்டும் அந்தக் கரண்டும் ஒயர் வழியா ஒண்ணோட ஒண்ணு மோதிண்டா ரெண்டும் போச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சார்ஜ் இருக்கா என்றார். இது ஒரே ஒரு வாய்ப்பு. தவறிப் போய் அதை எழுப்பிவிட்டால், அடுத்து எப்போது நிற்குமோ? அதற்குள் முதலாளி மூடியே விடுவார்.

துவரங்குறிச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்து, புழுதியில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். சின்னப்பொண்ணம்மா மோட்டார் ரூம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். "யாரையும் உள்ள விடல. எம்மவன் வந்து சுச்சுல கைய வச்சான். ஒரு போடு போட்டேன்" என்றார். இவர்தான் எங்கள் ஆள் என்று தோன்றிவிட்டது.

உள்ளே வெக்கை. சுவரில் எங்கள் பெட்டி, பச்சை விளக்கோடு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. அக்கா மூடியைத் திருகிக் கழற்றினார். லேப்டாப்பை என் இரண்டு கைமேலும் வைத்தார். அன்று நான்தான் மேஜை.

"ரெண்டு எடத்துல டிக் இருக்கும் பாரு. மாட்டினதும் ரீசெட் பண்ணுன்னு ஒண்ணு. மாட்டினதும் புரோகிராமைப் புதுசா எழுதுன்னு ஒண்ணு. எப்பவும் நமக்கு வசதியா இருக்கட்டும்னு தானாவே ரெண்டும் போட்டிருக்கும். ரெண்டும் இருக்கப்படாது. வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். இரண்டிலும் டிக் இல்லை. "இன்னொரு தரம்" என்றார். இன்னொரு தரம் வாசித்தேன். சின்னப்பொண்ணம்மா எட்டிப் பார்த்து, "இல்லங்கிறாள்ல, மாட்டு தாயி" என்றார்.

உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்கட்டும் என்று அக்கா தண்ணீர்க் குழாயை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். கறுப்பு ஒயரை முதலில் மாட்டினார். பிறகு மற்றவை, ஒவ்வொன்றாக. ஆபீசில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுகிறவர் அன்று ஊசிகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார். பச்சை விளக்கு அணையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. அக்கா குனிந்து, வழக்கத்தைவிட மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சலாக, "தேவரீர் திருநாமம்?" என்றார்.

பெயர் வந்தது. எழுந்துகொள்ளாமலே, நின்ற நிலையிலேயே, பெயரைச் சொன்னது.

நான் லேப்டாப்பைக் கீழே போடாமல் இருந்ததே அல்லாஹ்வின் கிருபை. அக்கா 'நிறுத்து' என்ற பொத்தானை அழுத்தினார். அவர் எழுதிய புரோகிராம் திரையில் விரிந்தது. ஒரு வரியின் பக்கத்தில் மஞ்சள் அம்பு வந்து நின்றது. இங்கேதான் நிற்கிறேன் என்று சிப் கைகாட்டுகிற இடம். அக்கா அந்த வரியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பு. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

"என்னா தாயி, காத்துக் கருப்பு அடிச்சிருச்சா?" என்றார் சின்னப்பொண்ணம்மா.

"நான்தாம்மா. நானேதான்" என்றார் அக்கா. "கரண்டு வந்ததும் இவர் முதல்ல பக்கத்துல இருக்கற போன் சாமான்கிட்ட, 'தயாரா?'ன்னு கேப்பார். அது 'தயார்'னு சொன்னப்புறம்தான் மோட்டாரைப் போடுவார். இங்க கரண்டு வந்ததும் சுத்துவட்டாரத்துல எல்லா மோட்டாரும் ஒண்ணா எழுந்துக்கறது. கரண்டு ஒரு நிமிஷம் தொங்கிப் போறது. அந்த நேரம் பாத்து போன் சாமான் மயங்கிப் போயிடறது. இவர் கேட்டுட்டு நிக்கறார். அது பதில் சொல்லல. இவர் நின்னுண்டே இருக்கார்."

"எம்புட்டு நேரம்?"

"பதில் வர்ற வரைக்கும்னு எழுதி வெச்சிருக்கேன். பதில் வரலேன்னா என்ன பண்ணணும்னு நான் எழுதவே இல்லையே."

ஆபீசில் அது ஏன் நிற்கவே இல்லை என்பது எனக்கே புரிந்தது. தில்லை நகரில் சேர்ந்து எழுந்திருக்க எத்தனை கிணற்று மோட்டார் இருக்கிறது?

சின்னப்பொண்ணம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். "அந்தக் கழுத பதில் சொல்லலைன்னா, அதுக்காவ என் தோட்டத்துக்குத் தண்ணி கெடையாதா? கேட்டமா, கொஞ்சம் பாத்தமா, இல்லையா, நம்ம சோலியப் பாக்க வேண்டியதுதான். மோட்டாரப் போட்டுட்டுப் போவியா?"

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மடியில் வாங்கி, அந்த இடத்திலேயே வரியை மாற்றி எழுதினார். கொஞ்ச நேரம் காத்திரு. பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் மோட்டாரைப் போடு, பதிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதே ஒயர் வழியாகப் புதியதை உள்ளே ஏற்றினார். "எழுந்தருளலாம்" என்றார்.

டக்கென்று சத்தம். மோட்டார் உறுமியது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. நான் யாரோ ஒருத்தியின் செருப்போடு வாய்க்காலில் குதித்தேன். அக்கா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்னால் குதித்தார். சின்னப்பொண்ணம்மா ஒரு மடி கத்தரிக்காய் பறித்துக் கொடுத்தார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ போன்லதான் வெடுக்குனு பேசுற, நேர்ல நல்ல புள்ளையாத்தான் இருக்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கோ தரையில் கால் பாவவில்லை. எல்லாப் பெட்டியையும் மாற்றிவிடலாம், இனி திட்டு இல்லை, முதலாளியால் இனி எப்படி மூட முடியும் என்று நானே பேசிக்கொண்டு வந்தேன். விராலிமலை வந்தபோது அக்கா போனை எடுத்து முதலாளிக்குப் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். அவர் "அடடே, ரொம்ப நல்லதும்மா" என்றார்.

"சார், நடத்தப் போறேளா, எங்கிட்ட குடுக்கறேளா?"

"பாக்கலாம்மா."

"பஸ் சென்ட்ரல் வர்ற வரைக்கும் பாருங்கோ சார். அதுக்குள்ள கூப்பிட்டுச் சொன்னா சந்தோஷம். சொல்லலேன்னா, நீங்க நிறுத்திட்டேள்னு எடுத்துண்டு பெட்டியை நானே நடத்திக்கறேன்."

அக்கா வைத்துவிட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக, பதில் வருவதற்கு முன் தானே பேச்சை முடித்தார்.

அப்போதெல்லாம் மதுரைப் பக்கத்து பஸ் சென்ட்ரல் ஸ்டாண்டு வரை வரும். அக்கா போனை மடியில் கத்தரிக்காய்க்கு நடுவில் வைத்துக்கொண்டார். நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை ஒளிர்ந்தது. பாய்ந்து குனிந்து பார்த்தேன். ஏதோ ரீசார்ஜ் விளம்பரம். மன்னார்புரம் வந்தது. பஸ் மெதுவாக ஊர்ந்தது. கூப்பிட்டுத் தொலையுங்கள் ஐயா என்று நான் மனசுக்குள் கத்தினேன். யா அல்லாஹ், ஒரு சொல், ஏதாவது ஒரு சொல்.

பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பியது. கண்டக்டர் கதவைத் தட்டினார். ஆட்கள் எழுந்து பைகளை இறக்கினார்கள். அக்கா உட்கார்ந்தபடியே போனைப் பார்த்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தால், அந்த முகம்தான். சிப் பெயரைச் சொன்னவுடன் வருமே, அந்த முகம். அக்கா போனைப் பைக்குள் போட்டார், கத்தரிக்காயை அள்ளி மடியில் கட்டிக்கொண்டார், எழுந்தார்.

"பதில் வரலடீ பர்வீன்" என்றார். "மோட்டாரைப் போட்டுடலாம்."